ஒட்டுக்கேட்ட செயலி: ஃப்ளோ வழக்கின் முழுக் கதை

எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரில் இரண்டு வகைக் குறிகள் இருக்கும். பால் வராத நாளில் பெரிய பெருக்கல் குறி. இன்னொன்று, பென்சிலால் வைத்த கடுகளவு புள்ளி. அது எதற்கு என்று நான் வயதுக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னார். வீட்டில் எல்லோரும் தினமும் அந்தத் தாளைப் பார்த்தோம். புள்ளியைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அந்தப் புள்ளியை நாம் போனில் வைக்கிறோம். மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைக்க நூற்றுக்கணக்கான செயலிகள் இருக்கின்றன. அவற்றில் உலகளவில் பெரிய பெயர் ஃப்ளோ. அந்தச் செயலியில் பெண்கள் பதிந்த விவரம், அவர்களுக்கே தெரியாமல், அதே நொடியில் ஃபேஸ்புக்குக்கும் வேறு சில நிறுவனங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. எந்தத் திருடனும் உள்ளே புகவில்லை, எந்தப் பூட்டும் உடையவில்லை. செயலி எழுதப்பட்ட விதமே அப்படி. உடல்நலத் தரவைப் போனில் வைத்துக்கொள்வது பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஏன் பதிந்தார்கள்

ஃப்ளோவைத் தொடங்கியவர்கள் பெலாரூஸைச் சேர்ந்த குர்ஸ்கி சகோதரர்கள். நிறுவனம் 2015-ல் உருவானது. மாதவிலக்கு தொடங்கிய நாள், முடிந்த நாள், வலி, மனநிலை, வெள்ளைப்படுதல், உடலுறவு, கருத்தடை முறை, கருவுற்றிருந்தால் எத்தனையாவது வாரம் என எல்லாவற்றையும் அதில் பதியலாம். அடுத்த மாதவிலக்கு எப்போது, கருமுட்டை வெளிவரும் நாள் எது என்று அது கணித்துச் சொல்லும்.

இதையெல்லாம் ஏன் ஒரு செயலியிடம் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள், மகப்பேறு மருத்துவர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் இல்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அங்கே முதல் கேள்வியே "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்பதுதான். பிரசவத் தேதியைக் கணக்கிடுவதே அந்த ஒரு தேதியிலிருந்துதான். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் ஆறு மாதத் தேதிகள் வரிசையாகக் கையில் இருந்தால் சிகிச்சையின் திசையே மாறக்கூடும். தேவை உண்மையானது. அதனால்தான் ஃப்ளோவைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். நுகர்வோரை ஏமாற்றும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான கூட்டாட்சி வணிக ஆணையம், பின்னாளில் ஃப்ளோ மீது வைத்த குற்றச்சாட்டு ஆவணத்தில் தந்த எண்ணிக்கை இது.

ஃப்ளோ அவர்களுக்கு ஒரு வாக்கும் கொடுத்திருந்தது. சுழற்சி, கர்ப்பம், அறிகுறிகள், குறிப்புகள் போன்ற விவரங்களை வெளியாருக்குத் தரமாட்டோம் என்று 2017 முதல் 2019 வரையிலான அதன் தனியுரிமைக் கொள்கைகள் சொல்லின.

குறியீட்டுக்குள் ஒரு பெயர்

இந்த வழக்கின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செயலியை உருவாக்குபவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. பல வேலைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ஆயத்த நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு எஸ்டிகே என்று பெயர். எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள், எந்தத் திரையில் சலித்துப்போய் மூடினார்கள், எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள ஃபேஸ்புக், கூகுள், ஆப்ஸ்ஃப்ளையர், ஃபிளரி ஆகியவற்றின் தொகுப்புகளை ஃப்ளோ சேர்த்திருந்தது. அதில் மட்டும் தவறில்லை. உலகில் பெரும்பாலான செயலிகள் செய்வதுதான்.

அந்தத் தொகுப்பு வேலை செய்யும் முறையைப் பாருங்கள். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால், ‘இன்ன நிகழ்வு நடந்தது’ என்று ஒரு செய்தி அந்தப் பெரிய நிறுவனத்தின் கணினிக்குப் போகும். செயலி திறந்தது, மூடியது போன்ற பொதுவான நிகழ்வுகளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கும். மற்றவற்றுக்குச் செயலியை எழுதுபவரே பெயர் வைக்கலாம். ‘பொத்தான் 17’ என்று வைத்திருந்தால், வாங்கிக்கொள்பவருக்கு 17 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் புரிந்திருக்காது.

ஃப்ளோவில் வைத்த பெயர்களில் ஒன்று ‘ஆர்_பிரெக்னன்சி_வீக்_சோசன்’. கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். ஒரு பெண் தான் கருவுற்றிருப்பதைச் செயலியில் குறித்த நொடியில், அந்தப் பெயர் தாங்கிய செய்தி வெளியே போனது. பெயரே விஷயத்தைச் சொல்லிவிட்டது. உறையின் மேலேயே கடிதத்தை எழுதி அனுப்பியது போல.

செய்தியோடு இன்னொன்றும் போனது. ஒவ்வொரு போனிலும் விளம்பரத்துக்காக ஓர் அடையாள எண் இருக்கும். பெயரோ போன் நம்பரோ இல்லாமலேயே, இந்தச் செயலியில் இருப்பவரும் அந்தச் செயலியில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று பொருத்திப் பார்க்க உதவும் எண் அது. ஆகவே ‘யாரோ ஒருத்தி கருவுற்றிருக்கிறாள்’ என்பதோடு செய்தி நிற்கவில்லை. ‘இந்தப் போன் வைத்திருப்பவள் கருவுற்றிருக்கிறாள்’ என்பதுதான் போய்ச் சேர்ந்தது. ஃபேஸ்புக் கணக்கே இல்லாத பெண்ணின் போனிலிருந்தும் போனது.

நான் இங்கேதான் அதிக நேரம் நின்று யோசித்தேன். தனியுரிமைக் கொள்கையை எழுதியவர் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞராக இருந்திருப்பார். நிகழ்வுக்குப் பெயர் வைத்தவர் ஒரு நிரலாளர். தன் வேலை எளிதாக, படித்தால் புரிகிற பெயரை வைத்திருப்பார். நல்ல நிரலாளருக்கு அதுதான் பழக்கம். ஒருவர் கொடுத்த வாக்கை மற்றவர் வைத்த பெயர் உடைத்தது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ‘நாம் சொல்வதும் செய்வதும் ஒன்றுதானா’ என்று கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு. 2016 ஜூன் முதல் 2019 பிப்ரவரி வரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதற்கான அடையாளம் செயலியில் தெரியவில்லை.

இதில் ஒப்பந்தச் சிக்கல் ஒன்றும் உண்டு. உடல்நலம் சார்ந்த தகவலை எங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று ஃபேஸ்புக்கின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. ஃப்ளோவும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டு அனுப்பினார்கள், வேண்டாம் என்று எழுதிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஃபேஸ்புக் அந்தத் தரவைத் தன் சொந்த ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்தியதாக ஆணையத்தின் ஆவணம் சொல்கிறது.

யார் கண்டுபிடித்தார்கள்

எந்த அரசு அமைப்பும் இல்லை. 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 70-க்கும் மேற்பட்ட செயலிகளைச் சோதித்தது. போனிலிருந்து வெளியே போகும் தரவை இடையில் நிறுத்திப் பார்த்தார்கள். குறைந்தது 11 செயலிகள் அந்தரங்கமான விவரங்களை ஃபேஸ்புக்குக்கு அனுப்பின. அவற்றில் ஃப்ளோவும் ஒன்று. இதயத் துடிப்பை அளக்கும் ஒரு செயலி, அளந்த கையோடு எண்ணை அனுப்பிவைத்தது.

முக்கியமான பயனர் தரவு எதையும் அனுப்பவில்லை, அனுப்பியதும் ஆள் அடையாளம் நீக்கியதுதான் என்ற ரீதியில் ஃப்ளோ முதலில் பதில் சொன்னது. நாளிதழின் சோதனையிலோ அடையாள எண்ணோடு சேர்ந்தே போனது தெரிந்தது. செய்தி வந்த பிறகு ஃபேஸ்புக்குக்கு அனுப்புவதை ஃப்ளோ நிறுத்தியது. நூற்றுக்கணக்கான பெண்கள் நிறுவனத்துக்குப் புகார் எழுதினார்கள்.

நியூயார்க் ஆளுநர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அந்த மாநில நிதிச் சேவைத் துறையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஃபேஸ்புக் 70,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரு தடைப்பட்டியலை உருவாக்கி, அச்சொற்கள் வரும் தரவை வடிகட்டத் தொடங்கியிருந்தது அதில் தெரியவந்தது. 70,000 சொற்களை வடிகட்ட வேண்டியிருந்தது என்றால், அதுவரை உள்ளே வந்துகொண்டிருந்தது எவ்வளவு என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

இதே 2019-ல், செப்டம்பரில், லண்டனைச் சேர்ந்த பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு வேறு சில மாதவிலக்குச் செயலிகளைச் சோதித்தது. அதில் அகப்பட்டவற்றுள் ஒன்று இந்தியாவில் உருவான மாயா. செயலியைத் திறந்ததுமே, தனியுரிமைக் கொள்கைக்குச் சம்மதம் சொல்லும் முன்பே, ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. சோதனை முடிவைப் பார்த்த பிறகு மாயாவை நடத்திய பிளாக்கல் டெக் நிறுவனம் அந்தத் தொகுப்பை நீக்கியதாகச் சொன்னது. நம் ஊர்ப் பெண்களின் போனிலும் இருந்த செயலி அது.

அபராதம் இல்லாத தீர்ப்பு

2021 ஜனவரியில் கூட்டாட்சி வணிக ஆணையம் ஃப்ளோவோடு சமரச உடன்பாட்டுக்கு வந்தது. ஜூனில் அது உறுதியானது. வாக்கு ஒன்று, செயல் வேறு என்பதுதான் குற்றச்சாட்டின் மையம். தரவு பகிரப்பட்டதைப் பாதிக்கப்பட்ட பயனர்களுக்குச் சொல்ல வேண்டும், வாங்கிக்கொண்ட நிறுவனங்களிடம் அதை அழிக்கச் சொல்ல வேண்டும், வெளியாரைக் கொண்டு தனியுரிமை நடைமுறையைச் சோதிக்க வேண்டும், இனிமேல் பயனரின் சம்மதம் பெறாமல் உடல்நலத் தரவைப் பகிரக்கூடாது என்று உத்தரவிட்டது. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. ஃப்ளோ தவறை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆணையத்துக்குள்ளேயே ரோகித் சோப்ரா, ரெபேக்கா கெல்லி ஸ்லாட்டர் என்ற இரு ஆணையர்கள் இந்த உடன்பாடு போதாது என்றார்கள். உடல்நலத் தரவு வெளியே போனால் பயனருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2009-லிருந்தே இருக்கிறது, அதை ஏன் இங்கே பயன்படுத்தவில்லை என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவில் மருத்துவத் தகவலைக் காக்கும் பழைய சட்டம் 1996-ல் வந்தது. அது மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும், நீங்களாக இறக்கிக்கொண்ட செயலியைப் பெரும்பாலும் தொடாது. மருத்துவரிடம் சொன்னால் பாதுகாப்பு உண்டு, அதையே போனில் தட்டினால் கிடையாது. பெண்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அந்த இருவரின் கேள்வி வீண்போகவில்லை. 2021 செப்டம்பரில் ஆணையம், 2009 விதி செயலிகளுக்கும் பொருந்தும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. இந்த விதியின்கீழ் முதல் நடவடிக்கை 2023 பிப்ரவரியில், மருந்துத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ் மீது, 15 லட்சம் டாலர் அபராதம். மூன்று மாதம் கழித்து, கருவுறும் நாளைக் கணிக்கும் பிரீமாம் செயலி மீது.

பயம் மாறிய நாள்

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக வைத்திருந்த ரோ வழக்குத் தீர்ப்பை ரத்து செய்தது. அதுவரை மாதவிலக்குத் தரவு வெளியே போனால் குழந்தை டயபர் விளம்பரம் வரும் என்பதுதான் கவலை. அன்றிலிருந்து, அது போலீஸ் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. நாள் தள்ளிப்போனது, அப்புறம் கருவுற்றது, பிறகு திடீரென்று மீண்டும் மாதவிலக்கு என்று மூன்று பதிவுகள் வரிசையாக இருந்தால் அது ஒரு சாட்சியாகிவிடுமா? செயலியை நீக்குங்கள் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஃப்ளோ இந்த முறை வேகமாக நகர்ந்தது. அந்த வருடம் செப்டம்பரில் பெயரற்ற பயன்முறையைக் கொண்டுவந்தது. பெயர், மின்னஞ்சல் எதுவும் தராமல் பயன்படுத்தலாம். தரவு கிளவுட்ஃபிளேர் என்ற இடைத்தரகர் வழியாகப் போகும். எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறது என்பது இடைத்தரகருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஃப்ளோவுக்கு உள்ளடக்கம் தெரியும், எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. போன் தொலைந்தால் பழைய பதிவுகளை மீட்க முடியாது என்பது அதற்கான விலை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இது 2016-லேயே யோசிக்க முடியாத விஷயம் இல்லை.

வாஷிங்டன் மாநிலம் 2023 ஏப்ரலில், மருத்துவச் சட்டத்தின் கைக்கு எட்டாத உடல்நலத் தரவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. மீறினால் பாதிக்கப்பட்டவரே நேரடியாக வழக்குப் போடலாம்.

1967-ன் சட்டம்

ஃப்ளோ பயனர்கள் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2021-ல் தொடுத்த கூட்டு வழக்கு 2025 ஜூலையில் நடுவர் குழு முன், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஜூரி முன், வந்தது. அதற்குள் ஃபிளரி 35 லட்சம் டாலருக்குச் சமரசமாகியிருந்தது. கூகுள் 4.8 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஃப்ளோ 80 லட்சம் டாலருக்கு விலகிக்கொண்டது. மிச்சம் நின்றது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மட்டும்.

பெண்கள் தரப்பு கையில் எடுத்தது கலிபோர்னியாவின் தனியுரிமை ஊடுருவல் சட்டம். அது வந்தது 1967-ல். இருவர் பேசுவதை மூன்றாமவர் ஒரு கருவி வைத்து ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். செயலி என்ற சொல்லே இல்லாத காலத்துச் சட்டம். பெண் செயலியோடு பேசுகிறாள், அவர்களுக்கு நடுவே இன்னொரு காது இருந்தது, அந்தக் காது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது என்பதுதான் வாதம்.

நாங்கள் கேட்கவில்லை, அவர்கள்தான் அனுப்பினார்கள், அனுப்பாதே என்று நிபந்தனையே போட்டிருக்கிறோம் என்பது மெட்டாவின் நிலை. 2025 ஆகஸ்டில் நடுவர் குழு அதை ஏற்கவில்லை. மெட்டா வேண்டுமென்றே ஒட்டுக்கேட்டது, அதற்குச் சம்மதம் இருக்கவில்லை, அந்தப் பெண்கள் அந்தரங்கத்தை எதிர்பார்த்தது நியாயமே என்று முடிவு சொன்னது. தீர்ப்பை ஏற்கவில்லை என்று மெட்டா அறிவித்தது. அந்தச் சட்டப்படி ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை கேட்கலாம்.

பகிர்தல், கசிதல், ஒட்டுக்கேட்டல் என்று மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இத்தனை வருடமாக எல்லோரும் இதைப் ‘பகிர்வு’ என்றே எழுதிவந்தோம். நான் செய்வது பகிர்வு. என் தேதிகளை மருத்துவரிடம் காட்டினால், கணவரிடம் சொன்னால், அது பகிர்வு. எனக்குத் தெரியாமல் நடந்ததை அந்தப் பெயரால் அழைத்ததே செய்தவர்களுக்குச் சாதகமாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். சரியான சொல்லைப் போட்டது அந்த நடுவர் குழுதான்.

தெரிந்தே செய்யும் பகிர்விலும் பள்ளம் உண்டு. குளோ என்ற கருவுறுதல் செயலியில் கணவனும் மனைவியும் கணக்கை இணைத்துக்கொள்ளலாம். அந்த வசதியில் ஓட்டை இருப்பதை அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2016-ல் கண்டுபிடித்தது. ஒரு பெண்ணின் மின்னஞ்சல் முகவரி தெரிந்தால் போதும், அவள் சம்மதிக்காமலேயே யாரும் தன்னைத் துணையாக இணைத்துக்கொண்டு அவள் பதிவுகளைப் பார்க்க முடிந்தது. அடிக்கிற கணவனை விட்டு விலகி வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். கலிபோர்னியா அரசு 2020-ல் குளோவிடம் 2,50,000 டாலர் வசூலித்தது.

நம் போனில்

இந்த வழக்கைப் படித்த பிறகு நான் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அமைப்புகளுக்குள் போய் அடியோடு நீக்கலாம். ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ‘பிற செயலிகளில் உங்களைப் பின்தொடரலாமா’ என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லலாம். நான் இரண்டு போனிலும் செய்துவிட்டேன். பதிவுக்கு, தரவைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன. பெர்லினில் உருவான டிரிப் ஒன்று, யூக்கி இன்னொன்று. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மோசில்லா அமைப்பு 2022-ல் 25 இனப்பெருக்க நலச் செயலிகளையும் கருவிகளையும் பரிசோதித்து அவற்றில் 18-க்கு எச்சரிக்கை முத்திரை குத்தியபோது, யூக்கியைப் பாராட்டியது. டிரிப்பின் நிரல் பொதுவெளியில் இருக்கிறது. நிகழ்வுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் திறந்தே பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போது தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன். அவருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

இந்தியச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் உடல்நல விவரம் ‘உணர்திறன் மிக்க தரவு’ என்று தனி வகையாக இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. மாதவிலக்குத் தேதிக்கும் பீட்சா ஆர்டர் செய்த விவரத்துக்கும் ஒரே தட்டு. இது பெரிய குறை. அதே சட்டத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. தனிநபரைக் குறிக்கும் இடங்களில் எல்லாம் அது ‘அவள்’ என்றே எழுதுகிறது. இன்னொன்று, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதாவது தமிழிலும்.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. செயலிகள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். தமிழ் அறிவிப்பு என் போன் திரையில் வரும் நாளில் நான் முதலில் தேடப்போவது, ‘மூன்றாம் தரப்பினர்’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்களா, நிறுவனங்களின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான்.